ஓதம் ஓரிடம், ஒழுகல் வேறிடம்!

திசையன்விளையிலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

“வீடு கட்டி 12 வருஷம் ஆகுது சார். வீட்டுக்காரங்க மும்பையில கடை வச்சிருக்காங்க. இங்க நானும் அத்தையும் பிள்ளைகளும்தான். அத்தை படுக்கிற ரூம் சுவர்ல இடுப்பளவுக்கு ஓதம். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூம். மழை விட்டு எத்தனையோ மாசம் ஆச்சு, ஆனிக் காத்துலயும் காயல. பிளம்பர் பாத்ரூம் டைல்ஸ் பூராவும் உடைக்கணும்ங்காரு. கொத்தனார் தட்டட்டியில இருந்து இறங்குதுங்காரு. பெயின்டர் வாட்டர்புரூஃப் அடிச்சா நின்னுரும்னாரு. அடிச்சோம், ரெண்டே மாசத்துல பொரிஞ்சு உதிர்ந்துட்டு. அத்தைக்கு வீசிங் வேற. யார் பேச்சைக் கேட்டு எங்க உடைக்கச் சொல்லட்டும்?”

ஒரு வாரத்துக்கு யாரும் எங்கேயும் உடைக்க வேண்டாம் சகோதரி. மூன்று பேரும் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் கையில் இருக்கும் கருவிக்கு ஏற்ற காரணம் அவரவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

சோதனைகளுக்கு முன் இரண்டு வேலை. நீங்கள் அனுப்பிய படத்தில் ஓதம் முடியும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி சுவிட்ச் போர்டு இருக்கிறது. அந்த அறைக்கான இணைப்பை இன்றே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரச் சுவரில் இருக்கும் போர்டைப் பிள்ளைகள் தொடக் கூடாது. அடுத்தது, அத்தையின் கட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். ஓதமும் பூஞ்சையும் இளைப்பைக் கூட்டும். இதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். தண்ணீர் நேராக வெளியே வராது. குழாயின் மேல்பக்கமாக ஓடும், டைல்ஸுக்கு அடியில் உள்ள மணலில் பரவும், பூச்சு எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே தலைகாட்டும். ஓதம் தெரியும் இடத்தை உடைத்தால் பல வீடுகளில் கிடைப்பது ஈரச் செங்கல் மட்டும்தான்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையே இல்லை. பக்கத்தில் ஆயன்குளம் கிணற்றைப் பார்த்தவர்கள்தானே? 2021 வடகிழக்குப் பருவமழையில் வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் தண்ணீர் விழுந்தும் கிணறு நிரம்பவில்லை. ‘அதிசயக் கிணறு’ என்று கூட்டம் கூடியது. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் போகிறது என்றார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் மட்டம் ஏறியதாகச் செய்திகளும் வந்தன. விழுந்தது ஓரிடம், தெரிந்தது வேறிடம். உங்கள் வீட்டுச் சுவருக்குள் நடப்பது அதன் சின்ன வடிவம்.

உங்கள் பக்கத்து மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. களிமண் ஊரில் தரைக்கடியில் குழாய் ஒழுகினால் ரெண்டு நாளில் மேலே சேறாகிக் காட்டிக்கொடுத்துவிடும். தேரி மணல் அப்படியே குடித்துவிடும். முற்றம் காய்ந்து கிடக்கும், மோட்டார் மட்டும் அடிக்கடி ஓடும். அதனால் தரையைப் பார்த்து முடிவு செய்யாமல் தண்ணீரை அளந்து முடிவு செய்யுங்கள்.

முதலில் கொத்தனார் சொன்ன காரணத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் பகுதியில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தட்டோடுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி தண்ணீரை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும், உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலையும் ஆனிக் காற்றையும் தாண்டி வைத்திருக்காது. மேலே இருந்து இறங்கினால் கூரையை ஒட்டிக் கறை இருக்க வேண்டும். உங்கள் சுவரில் மேல் பாதி சுத்தமாக இருக்கிறது. தட்டட்டியை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இன்று மாலை ஒரு பென்சில் எடுத்து ஓதத்தின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று அர்த்தம். ‘கூடுற மாதிரி இருக்கு, குறையுற மாதிரி இருக்கு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்து கக்கூஸின் ஃப்ளஷ் டேங்க். அதில் சொட்டு நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. கோப்பைக்குள் நீலம் வந்தால் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்துவிட்டது. சுவர் ஓதத்துக்கு இது காரணமாக இருக்காது. ஆனால் இதைச் சரி செய்யாமல் தொட்டி மட்டத்தை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

இப்போது தொட்டி. இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடி, மோட்டாரை நிறுத்தி, மாடித் தொட்டிக்குள் காய்ந்த குச்சியை அடிவரை விட்டு எடுங்கள். ஈரம் ஏறிய இடத்தில் கோடு போடுங்கள். காலை ஐந்து மணிக்கு யாரும் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன் மறுபடியும் அதே இடத்தில் விட்டுப் பாருங்கள். உருளைத் தொட்டியின் குறுக்களவு 1 மீட்டர் என்றால் 1 செ.மீ. இறக்கம் என்பது ஏறக்குறைய 8 லிட்டர். மூடிய தொட்டியில் ஒரே இரவில் ஆவியாகி இவ்வளவு குறையாது. கீழ்த் தொட்டியையும் இதே மாதிரி அளக்கலாம். 6 அடிக்கு 6 அடி தொட்டியில் 1 செ.மீ. என்பது சுமார் 33 லிட்டர். அதனால் அங்கே அரை செ.மீ. இறக்கத்தைக்கூட அலட்சியம் பண்ண வேண்டாம்.

மாடித் தொட்டியின் மட்டம் இறங்கியிருந்தால் மறுநாள் இரவு தொட்டி வாயில் இருக்கும் வால்வை மூடிவிட்டு அளங்கள். இறக்கம் நின்றுவிட்டால் ஒழுகல் வால்வுக்குக் கீழே, குழாயில் இருக்கிறது. அப்போதும் இறங்கினால் தொட்டியிலேயே விரிசல் இருக்கலாம், அல்லது வால்வு சரியாக மூடவில்லை. பழைய பித்தளை கேட் வால்வுகள் முழுக்க மூடின மாதிரி நடிக்கும்! மூடிய பிறகு கீழே ஒரு குழாயைத் திறந்து பாருங்கள். குழாயில் இருந்த தண்ணீர் வடிந்த பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் முதலில் வால்வை மாற்றுங்கள். பாத்ரூமுக்கும் அடுக்களைக்கும் தனித்தனி வால்வு இருந்தால் இன்னும் நல்லது. ஓர் இரவுக்கு ஒன்றாக மூடி அளந்தால் எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும்.

குழாய்தான் என்று தெரிந்த பிறகு பிளம்பரைக் கூப்பிட்டு, உடைப்பதற்கு முன் கைப்பம்ப் வைத்து பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். குழாய் வாய்களை அடைத்து அழுத்தம் ஏற்றினால் கேஜ் முள் அரை மணி நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் சுடுதண்ணீர் லைன் தனி, பச்சைத் தண்ணீர் லைன் தனி என்று பிரித்துச் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு லைன் நிற்கும், ஒன்று இறங்கும். உடைக்க வேண்டிய இடம் அப்போதே பாதியாகிவிடுகிறது.

தொட்டி மட்டம் இறங்கவே இல்லையா? நல்ல தண்ணீர்க் குழாய்மேல் குற்றமில்லை. மிச்சம் இருப்பது கழிவுநீர்க் குழாயும் பாத்ரூம் தரையும். உங்கள் படத்தைப் பார்த்தால் என் சந்தேகமும் அங்கேதான் போகிறது.

இன்னொரு பாத்ரூம் இருந்தால் இதற்கு நான்கு நாள் லீவு விடுங்கள். பிறகு தரையை நனைக்காமல், ஒரு குழாய்த் துண்டை வைத்து நேராக நஹானி டிராப்புக்குள் பத்து வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் பொறுத்து, மறுபக்கச் சுவரில் பென்சில் கோட்டைப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அடுத்த சோதனை. துணியை பிளாஸ்டிக் பையில் சுருட்டி நஹானி டிராப்பை இறுக அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டுங்கள். கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை கலந்துகொள்ளலாம். தண்ணீர் நிற்கும் உயரத்தைச் சுவர் டைல்ஸில் குறித்துவைத்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கி மறுபக்கம் ஈரம் கூடினால் தரைதான் ஒழுகுகிறது. நிறம் வெளியே வரவில்லையே என்று தள்ளிவிடாதீர்கள். சிமென்ட்டும் மணலும் நிறத்தை வடிகட்டிவிடும்.

தரை என்றாலும் டைல்ஸ் பூராவும் உடைக்கத் தேவையில்லாமல் போகலாம். டிராப்பைச் சுற்றியுள்ள வளையம், தரையும் சுவரும் சேரும் மூலை, டைல்ஸ் இடுக்குகள், இந்த மூன்று இடத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் அடைத்து, காய்ந்த பிறகு அதே தண்ணீர் கட்டும் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதிலும் நிற்கவில்லையென்றால் பிளம்பர் சொன்னதைச் செய்ய வேண்டியதுதான். செலவு பெரிசு என்றாலும் காரணம் தெரிந்து செய்கிற செலவு.

கருவிகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெப்பக் கேமரா சுவருக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்க்காது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருப்பதைத்தான் காட்டும். அதாவது ஓதத்தை அழகாகக் காட்டும், ஒழுகலை அல்ல. சுடுதண்ணீர் லைனைத் தேடுவதற்கு மட்டும் நன்றாக உதவும். இரண்டு முள் வைத்துக் குத்தும் ஈரமானி மின்தடையை அளக்கிறது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவருக்கும் அதிகமாகக் காட்டும். கடலோரப் பகுதியில் அதை நம்பி உடைக்கக் கூடாது. காதால் கேட்கிற முறைதான் பழையதும் நம்பகமானதும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாய்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்தால், நடு ராத்திரி அமைதியில் மெல்லிய சீறல் கேட்கும். டோக்கியோ குடிநீர் வாரிய ஊழியர்கள் இரவில் தெருத்தெருவாக இதே மாதிரி ஒரு நீளக் கம்பியை வைத்துக் கேட்பார்கள். 1955-ல் சுமார் 20 சதவீதமாக இருந்த அந்த நகரத்தின் கசிவு இப்போது 4 சதவீதத்துக்கும் கீழே. கருவி ஆட்களை வரவழைப்பதானால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எதை வைத்து இந்த இடம் என்று சொல்கிறீர்கள்?”

எல்லாச் சோதனையிலும் ஒன்றுமே சிக்காமல் போகவும் வாய்ப்பு உண்டு. அப்போது வீடு கட்டும்போது எந்தத் தண்ணீர் பயன்படுத்தினார்கள் என்று விசாரியுங்கள். உப்புத் தண்ணீரில் கட்டிய சுவர் காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் வியர்த்தால் உள்ளே இருந்து வருகிறது. வீட்டில் எல்லாச் சுவரிலும் அடியிலிருந்து மூன்றடிக்கு ஒரே மாதிரி உப்புப் பூத்திருந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதம். அதற்கு வைத்தியம் வேறு, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

ஒழுகலை அடைத்த பிறகு உப்புப் பூத்த பூச்சை ஈரத்துக்கு ஓரடி மேல் வரை கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் வெளியே தெரியட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். 9 அங்குலச் சுவர் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், கொடைக்கு வரும் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்கள், பரவாயில்லை. செங்கல் நிறம் மாறி, பிளாஸ்டிக் தாளின் சுவர்ப் பக்கம் இரண்டு நாள் வியர்க்காமல் இருந்த பிறகு பூசலாம். பெயின்டரை அதுவரை வரச் சொல்ல வேண்டாம்.