ஆண்களின் கருவளக் குறைவும் வலிகாமத்து நிலத்தடி நீரும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

ஆணின் கருவளத்தை அளக்கும் முதன்மைக் குறிகாட்டிகளுள் ஒன்று விந்தணுச் செறிவு, அதாவது ஒரு மில்லிலீற்றர் விந்தில் உள்ள விந்தணுக்களின் எண்ணிக்கை ஆகும். 1973 முதல் 2018 வரை திரட்டப்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து ஹாகாய் லெவைன் குழுவினர் 2022 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அச்செறிவு உலகளவில் அரைவாசிக்கும் மேலாக வீழ்ந்துள்ளதாகக் கூறுகிறது. எண்ணும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறியதாலும், விந்து வழங்க முன்வந்தோர் ஒரே தன்மையினர் அல்லர் என்பதாலும், இம்முடிவை ஐயுறும் அறிஞர்களும் உளர். அந்த ஐயம் நியாயமானதே.

ஆயினும், வேதிப்பொருள் ஆணின் கருவளத்தை அழிக்கக்கூடும் என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டது. மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் டைபுரோமோகுளோரோபுரோப்பேன் என்னும் மருந்தைக் கையாண்ட கலிபோர்னியத் தொழிலாளர்கள், தமக்குப் பிள்ளைகள் பிறக்காததைத் தமக்குள் பேசிக்கொண்டதன் விளைவாக 1977 இல் பரிசோதிக்கப்பட்டபோது, பலரிடம் விந்தணு மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ காணப்பட்டது. பிற்பாடு அதே மருந்து அம்மாநிலத்துக் கிணற்று நீரிலும் கண்டறியப்பட்டது. கேரளத்துக் காசர்கோட்டின் மரமுந்திரிகைத் தோட்டங்களில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட எண்டோசல்பன் என்னும் பூச்சிகொல்லி, அயலிலுள்ள சிறுவர்கள் பருவமடைவதைத் தாமதப்படுத்தியிருக்கலாம் என 2003 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இலங்கை அப்பூச்சிகொல்லியை 1998 இலேயே தடைசெய்திருந்தமை பாராட்டுக்குரியது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சண்டிலிப்பாய் அமைந்துள்ள வலிகாமத்தின் மண்ணுக்குக் கீழே வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கல் இருப்பதால், தோட்டத்தில் இட்ட உரமும் மலக்குழிக் கழிவும் மாரி மழையோடு விரைவில் நிலத்தடி நீரை அடைகின்றன. இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்திருப்பது பதிவாகியுள்ளது. அவ்வெல்லை, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்காதிருக்கும் பொருட்டு வகுக்கப்பட்டதாகையால், நைத்திரேற்று மிகுதியை ஆண் கருவளக் குறைவுக்குச் சான்றாக இவ்வறிக்கையை வெளியிடும் அமைப்பு முன்வைக்கவில்லை. நைத்திரேற்று இறங்கிய வழி வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கும் மருந்துக்கும் திறந்தே இருக்கிறது என்பதே இவ்வமைப்பின் கவலை.

எனவே, நைத்திரேற்றோடு பீடைகொல்லி எச்சங்களுக்காகவும் குடிநீர்க் கிணறுகள் ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் சோதிக்கப்பட்டு, முடிவுகள் பிரதேச சபையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் ஆவதால், மருந்தின் தொடுகை நீங்கிய சில மாதங்களில் பலருக்கு மீட்சி கிட்டக்கூடும். ஆகவே கையுறையும் முகமறைப்பும் இன்றி மருந்தடிக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். பிள்ளைப்பேறு தாமதிக்கும் குடும்பங்களில் ஏறத்தாழ அரைவாசியில் ஆண்பக்கக் காரணமும் இருந்தும், பழி பெண்மீதே விழுகிறது. கணவர்கள் மனைவியருடன் சேர்ந்து முதல் பரிசோதனைக்கே செல்லுமாறு இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.