கையொப்பமிடத் தயங்க வேண்டாம்

கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் பல இல்லங்களுக்கு ஒரு படிவம் வந்து சேர்கிறது. தேசிய மாணவர் படையில், நாம் வழக்கமாகச் சொல்லும் என்.சி.சி.யில், சேர விரும்பும் பிள்ளை பெற்றோரின் ஒப்புதலை வேண்டி நீட்டும் படிவம் அது. பேனாவைக் கையில் எடுத்த பின்னும் நாம் தயங்குகிறோம். படிப்புக் கெட்டுவிடாதா? வெயிலில் நின்று உடல்நலம் குன்றாதா? நாளை இராணுவத்திற்கு அழைத்துவிட்டால் என்ன செய்வது? கேட்பது மகளாயின் தயக்கம் இன்னும் கூடுகிறது.

வங்கிப் படிவமாயினும் பள்ளிப் படிவமாயினும், படித்துப் புரிந்துகொண்ட பின்பே கையொப்பமிட வேண்டும் என்பது நல்ல வழக்கம். எனவே அச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் இராணுவம் பற்றிய அச்சம். எச்.என். குன்ஸ்ரு தலைமையில் 1946ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தோன்றியது இந்தப் படை. இதில் சேரும் மாணவருக்கு இராணுவத்தில் பணியாற்ற வேண்டிய கடமை எதுவும் இல்லை. விரும்புவோருக்கு வழி திறந்திருக்கிறது. விரும்பாதோரை எவரும் அழைப்பதில்லை. பெண்களுக்கான பிரிவும் 1949லேயே தொடங்கப்பட்டுவிட்டது. ஆகவே மகளை அனுப்புவது புதுமையன்று. முக்கால் நூற்றாண்டு வழக்கம்.

அடுத்தது படிப்பு. இங்கே நாம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் அணிவகுப்புப் பயிற்சிக்குச் சில மணி நேரம் செலவாகும். ஆண்டு முகாமுக்குச் சுமார் பத்து நாட்கள் தேவைப்படும். அந்நாட்களில் விட்டுப்போன பாடங்களைப் பிள்ளைதான் உழைத்து ஈடுசெய்ய வேண்டும். முகாம் எப்போது, தேர்வு எப்போது என்பதைப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிவது நம் கடமை. ஆனால் கைப்பேசித் திரையில் ஒரே மாதத்தில் கரையும் நேரத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தால், எது இழப்பு என்பது எளிதில் விளங்கும்.

அந்தப் பத்து நாட்களில் பிள்ளை பெறுவது என்ன? விடியுமுன் எழுகிறான். தன் படுக்கையைத் தானே மடிக்கிறான், தன் தட்டைத் தானே கழுவுகிறான். வேறு ஊர், வேறு வீட்டுச் சூழலிலிருந்து வந்தவரோடு ஒரே கூடாரத்தைப் பகிர்கிறான். அகில இந்திய முகாமாயின் மொழியும் வேறாகிறது. சைகையும் சிரிப்புமே முதல் இரண்டு நாட்களுக்குத் துணை. காம்பஸைக் கொண்டு திசையறிந்து, வரைபடத்தைப் படித்து வழி காணக் கற்கிறான். முதலுதவியும் பேரிடர் நேரத்தில் செய்ய வேண்டியவையும் பயிற்சியில் இடம்பெறுகின்றன. துப்பாக்கி சுடும் களத்தில்கூட, குறி பார்ப்பதற்கு முன் கற்பிக்கப்படுவது அதைப் பாதுகாப்பாகக் கையாளும் முறையே. மலையேற்றமும் சாகசப் பயணமும் ஈர்ப்பவை என்பதில் ஐயமில்லை. எனினும் நம் பார்வையில் அவற்றினும் பெரிய பேறு, பிறரை நம்பவும் பிறர் நம்பும்படி நடக்கவும் பழகுவதே.

செலவைப் பற்றியும் ஒரு சொல். சீருடைக்கான தொகையை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தும் முறை அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. தன் பெயரில் வந்த பணத்தைத் தானே எடுத்து, உரிய பொருளுக்குச் செலவிட்டுக் கணக்குச் சொல்வதும் ஒரு வாழ்க்கைப் பாடம்தான்.

பாராட்டோடு நிறுத்திவிடுவது முறையாகாது. இன்று பலர் சான்றிதழை மட்டுமே கருதிச் சேர்கின்றனர். ‘ஏ’, ‘பி’, ‘சி’ என மூன்று சான்றிதழ்கள் உள்ளன. ‘சி’ சான்றிதழும் உரிய தகுதிகளும் உடையோர், எழுத்துத் தேர்வின்றி நேரடியாகத் தேர்வு வாரிய நேர்காணலுக்குச் சென்று இராணுவ அதிகாரியாகும் சிறப்பு வாய்ப்பு உண்டு. சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம் அவ்வாறு தேர்வானோரைப் பயிற்றுவிக்கிறது. இது பெரிய வாய்ப்பே. ஆயினும் அதனை மட்டுமே எண்ணிச் சேரும் பிள்ளைக்கு ஒவ்வொரு அணிவகுப்பும் சுமையாகத் தோன்றும். அதேபோல், அச்சத்தால் வரும் பணிவை ஒழுக்கம் என்று நாம் ஏற்கலாகாது. பிள்ளை மனம் வாடித் திரும்பினால் காரணம் கேட்க நாம் தயங்கக் கூடாது.

கட்டாயமும் கூடாது என்பது எம் கருத்து. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், 1963 முதல் கல்லூரி மாணவருக்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டது. தானாக விரும்பி அணியும் சீருடைக்கே மதிப்பு. கட்டாயத்திற்கு மாறாக நாம் கேட்க வேண்டியது வாய்ப்பை. எல்லைப்புற, கடலோர மாவட்டங்கள் 173இல் ஒரு லட்சம் மாணவரைச் சேர்க்கும் விரிவாக்கம் 2020ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தன்று அறிவிக்கப்பட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் விரும்பியும் இடம் கிடைக்காத பிள்ளைகள் இன்னும் பலர்; தம் பள்ளியில் படைப்பிரிவே இல்லாதவரும் பலர். சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் இது பரவ வேண்டும். அதுவரை சாரணர் இயக்கமும் நாட்டு நலப்பணித் திட்டமும் அவர்களுக்குத் துணையாகட்டும்.

பிள்ளைகளின் பெயரில் நாம் பணம் சேர்க்கிறோம், அது தேவையே. அந்தப் பணத்தைப் பொறுப்போடு ஆளும் மனிதரையும் நாம்தான் உருவாக்க வேண்டும். முகாமிலிருந்து திரும்பும் நாளில் முகம் கறுத்திருக்கும், குரல் கம்மியிருக்கும். உண்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களே எழுந்து போவார்கள். மேசைமேல் காத்திருக்கும் படிவத்தில் கையொப்பமிட அந்த ஒரு காட்சி போதும்.