ஒன்லைனில் பாடம் இருக்கிறதாம், ஆசிரியர் எங்கே?



"கணித ஆசிரியர் இல்லை என்று ஏன் சத்தம் போடுகிறீர்கள்? எல்லாப் பாடமும் இப்போது ஒன்லைனில் இருக்கிறதே!"

ஆசிரியர் வெற்றிடம் பற்றிப் பேசப் பெற்றோரோடு போன நமக்கு ஒரு கல்வி அதிகாரி தந்த பதில் இது. அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்த அம்மாமார் ஒன்றும் பேசாமல் திரும்பினார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறோம்.

ஒன்லைன் கல்விக்கு நாம் எதிரிகள் அல்ல. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு. கடந்தகால வினாத்தாள் விளக்கங்கள் யூடியூப்பில் கிடைக்கின்றன. டவுனுக்கு டியூசன் போக பஸ் காசு இல்லாத பிள்ளைக்கு இது பெரிய உதவி. ஆசிரியருக்குத் துணையாக வரவேண்டியதை அவருக்குப் பதிலாகக் காட்டி, அரசு செய்யவேண்டிய செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

கணக்குப் பார்ப்போம். ஒரு மணி நேரக் காணொளி வகுப்புக்கு அரை ஜிகாபைட்டுக்கு மேல் டேட்டா போகும். மூன்று பாடம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் மாதம் 12 ஜிகாபைட். இது ஒரு பிள்ளைக்கு மட்டும். அந்த டேட்டாவுக்கும் 18 வீத பெறுமதி சேர் வரி கட்டுகிறோம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்த கிழமையில் அரிசி வாங்குவதா, ரீலோட் போடுவதா?

காசு இருந்தாலும் போன் வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட் போன் கொழும்பில் கடை வேலைக்குப் போன அப்பாவிடம் இருக்கிறது. போன் இருந்தாலும் சிக்னல் வேண்டும். லயத்தில் கிடைக்காத சிக்னல் மலை உச்சியில் கிடைக்கிறது. ஆண் பிள்ளை மழையிலும் அட்டைக்கடியிலும் ஏறிவிடுவான். இருட்டிய பிறகு பெண் பிள்ளையை அங்கே அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இது புதிய கதை அல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாமும் வட்ஸ்அப் குழுவில் குறிப்பு அனுப்பினோம். அனுப்பியதைப் "படிப்பித்தோம்" என்று கணக்குக் காட்டினோம். யாருக்கு விளங்கியது என்று நமக்கே தெரியாது. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது அந்தக் குறிப்புக்கும் வழியில்லாமல் போனது.

அதற்கும் முன்னே பாருங்கள். நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். அன்று பின்தள்ளப்பட்டதன் விலையை நம் பாட்டன், பாட்டி கைநாட்டு வைத்துக் கட்டினார்கள். இன்று அதே வரிசையின் கடைசியில் நம் பிள்ளைகளையும் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

சும்மா குறை சொல்லவில்லை, செய்தும் பார்த்தோம். டவுனில் பாடக் காணொளிகளை டவுன்லோட் செய்து வந்து, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் மாலை நேரத்தில் ஒரு லெப்டொப்பில் 11ஆம் தரப் பிள்ளைகளுக்குப் போட்டோம். இருபடிச் சமன்பாடு ஓடியது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். நிறுத்திக் கேட்டால் பதில் இல்லை. தோண்டிப் பார்த்தால், அவர்களுக்கு விளங்காதது இருபடிச் சமன்பாடு அல்ல. கீழ் வகுப்பில் ஆசிரியர் இல்லாமலே கடந்து வந்த காரணிப்படுத்தல். காணொளிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிற ஆசிரியருக்குத்தான் பிள்ளையின் முகம் தெரியும். காரணிப்படுத்தலைப் படிப்பித்துவிட்டு அதே காணொளியை மறுபடி போட்டபோது, பிள்ளைகளே கணக்கை முந்திச் செய்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. மலையகப் பாடசாலைகளின் கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் வெற்றிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். "ஒன்லைனில் இருக்கிறது" என்பது பதில் அல்ல.

2. இ-தக்சலாவ தளத்தை டேட்டா கட்டணமின்றிப் பார்க்க 2020இல் வழி செய்தார்கள். அன்று முடிந்தது இன்றும் முடியும்.

3. ஒவ்வொரு தோட்டத்திலும் மின்சாரமும் இணைய இணைப்பும் உள்ள மாலைநேரப் படிப்பறை வேண்டும். இடம் தரவேண்டியது நிர்வாகம்.

4. அடுத்த சம்பளப் பேச்சில் பிள்ளைகளின் டேட்டா செலவும் வாழ்க்கைச் செலவுக் கணக்கில் ஏற வேண்டும்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு ஜெனரேட்டர் பிடிக்கவும் லைட் கட்டவும் நமக்கு முடிகிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் ஒரு அறையில் லைட் எரிய வைக்க முடியாதா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு, எப்போதிருந்து ஆசிரியர் இல்லை என்று எழுதிக் கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு, அன்று பேசாமல் திரும்பிய அதே அம்மாமாரோடு, அதே வாசலுக்குத் திரும்பப் போவோம். இந்த முறை பதில் வாங்காமல் இறங்க மாட்டோம்.