வேண்டுதலும் காத்திருப்பும்

எங்கள் மகனுக்கு 11 வயதாகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன நாள்முதல் உற்றார் வாயிலிருந்து நாங்கள் கேட்டுவரும் சொற்கள் இரண்டு: முன்வினை, பரிகாரம். முதற்சொல் பெற்றவளைக் குற்றவாளியாக்குகிறது. அடுத்தது பிள்ளையைத் திருத்தவேண்டிய பிழையாக்குகிறது. நாங்களும் தலம் தலமாகச் சென்றோம், நேர்த்திக்கடன்கள் செலுத்தினோம். இவன் வேறொருவனாக மாறிவிடவேண்டும் என்பதே எங்கள் வேண்டுதலாக இருந்தது.

அவ்வேண்டுதலின் கொடுமையை எங்களுக்கு உணர்த்தியவர் மதநம்பிக்கை இல்லாத ஒருவர்: 1994இல் நோபல் பரிசு பெற்று, 2023இல் மறைந்த ஜப்பானிய நாவலாசிரியர் கென்சாபுரோ ஓயே. அவருடைய மகன் ஹிகாரி 1963இல் மண்டையோட்டுக் குறைபாட்டுடன் பிறந்தார். மறு ஆண்டே ஓயே எழுதிய நாவலில், இத்தகைய குழந்தை இறந்துபோகட்டும் என்று விரும்பிக் குடியில் ஒளியும் தந்தை ஒருவன் வருகிறான். அப்பக்கங்களைப் படித்தபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மனிதக் குரலுக்கு முகம் திருப்பாத ஹிகாரி, பறவைக் குரல்களுக்கு மட்டும் செவிசாய்த்தார். ஆறு வயதில் ஒருநாள், ஏரிப்பக்கம் கூவிய நீர்ப்பறவையின் பெயரை, ஒலித்தட்டில் கேட்ட அறிவிப்பாளரின் தொனியிலேயே சொன்னார். அதுவே அவருடைய முதற்பேச்சு. கேட்டது மெய்தானா என்று ஐயுற்ற தந்தை, பறவை மறுபடியும் கூவாதா என்று காத்திருந்தார். நம்பிக்கையற்றவனின் பிரார்த்தனை என்று அவர் பின்னாளில் பேசியது இத்தகைய காத்திருப்பைத்தான்.

ஹிகாரி இசையமைப்பாளரானார்; 1992இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஆனால் இதைக் கொண்டு, 'ஒன்றைப் பறித்த தெய்வம் இன்னொன்றைக் கொடுக்கும்' என்று ஆறுதல் சொல்வதை நாங்கள் ஏற்பதற்கில்லை. அதுவும் ஒரு பேரமே. இசை வராத, எழுத்து வராத பிள்ளை எதைக் காட்டித் தன் இருப்பை நியாயப்படுத்தும்? ஹிகாரி ஒரு சுரம்கூட எழுதாதிருந்தாலும் அந்தக் காத்திருப்பின் மதிப்பு குறைந்திராது.

இன்றும் நாங்கள் கோயிலுக்குச் செல்கிறோம். பட்டியல் எதுவும் கொண்டுசெல்வதில்லை. மணியோசை அடங்கும்வரை மகன் கல்தூணில் காதை வைத்து நிற்பான். நாங்களும் உடன் நிற்போம். புதிதாய் ஒரு பரிகாரத் தலத்தின் பெயரோடு எவரேனும் நெருங்கினால், ஓசை அடங்கட்டும், சற்றுப் பொறுங்கள் என்கிறோம்.