வினைத்தூய்மையும் வில்லி ஸ்டார்க்கும்

தீய வழியில் நற்பயன் விளைவிக்கும் ஒருவனை நாம் போற்றுவதா, தூற்றுவதா? இவ்வினா மிகப் பழையது. எனினும் தேர்தல்தோறும் புதிதாய்ப் பிறப்பது. "அவர் கை சுத்தமன்று, ஆயினும் ஊருக்குச் சாலை போட்டாரன்றோ?" என்று கற்றோரும் மற்றோரும் ஒருங்கே கூறக் கேட்கின்றோம். இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. சாலையின்றி வருந்தியவனுக்கே சாலையின் அருமை தெரியும். ஆதலின், இவ்வினாவைத் துருவி ஆராய்ந்த நாவல் ஒன்றனைத் துணையாகக் கொண்டு எமது கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

அமெரிக்க ஆசிரியராகிய ராபர்ட் பென் வாரன் 1946-ஆம் ஆண்டில் 'ஆல் தி கிங்ஸ் மென்' என்னும் நாவலை வெளியிட்டார். மறு ஆண்டில் அது புலிட்சர் பரிசு பெற்றது. அதன்கண் வரும் வில்லி ஸ்டார்க், பெயர் கூறப்படாத ஒரு தென்பகுதி மாநிலத்தின் கவர்னர். அந்நாட்டில் மாநிலக் கவர்னர் நியமனம் பெறுபவரல்லர். மக்களாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்துபவர் என்பதை நேயர்கள் நினைவில் இருத்துக.

வில்லி உழவர் குடியிற் பிறந்து, தன் முயற்சியால் சட்டம் கற்றவன். சிறு பதவியொன்றில் இருந்தபோது, பள்ளிக்கூடம் கட்டும் குத்தகை நேர்மையற்ற முறையில் வழங்கப்படுவதை எதிர்த்தான். எதிர்த்ததன் பயனாகப் பதவியை இழந்தான். பின்னர் ஒருநாள், தீவிபத்துக் காலத்தில் வெளியேறுவதற்குரிய பயிற்சி அப்பள்ளியில் நடந்தபோது, மட்டமான செங்கற் சுவரினின்று படிக்கட்டுப் பெயர்ந்து வீழ்ந்தது, குழந்தைகள் மாண்டனர். வில்லி கூறியது மெய் என்பதை ஊர் அன்று உணர்ந்தது. அப்புகழைக் கண்ட நகரத்துச் சூழ்ச்சியாளர் அவனைக் கவர்னர் தேர்தலில் நிறுத்தினர். அவன் வெல்லுதற்காகவன்று, எதிரியின் நாட்டுப்புற வாக்குகளைப் பிரித்தற்காகவே நிறுத்தினர். தான் ஒரு பொம்மை என்று அவன் அறிந்த நாளில் பழைய வில்லி மறைந்தான்.

பின்னர்த் தன் வலியாலேயே கவர்னரான வில்லி, ஏழை மக்களுக்குப் பல நன்மைகள் செய்தான். ஆனால், செய்த முறை வேறு. எதிர்ப்போரின் பழங்குற்றங்களைத் தேடி எடுத்து, அவற்றைக் காட்டி அச்சுறுத்தினான். தன் ஆட்சியின் கணக்கதிகாரி ஒருவன் களவு செய்து அகப்பட்டபோது, அவனைத் தண்டனைக்கு உட்படுத்தாமல், நாள் குறிக்காத ராஜிநாமாக் கடிதம் ஒன்றை எழுதி வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான். நேர்மையாளனாகிய சட்ட அதிகாரி அது பொறாது பதவி விலகினான். தீமையைத் தவிர உலகில் வேறு மூலப்பொருள் இல்லை. அதைக் கொண்டே நன்மையைச் செய்தாக வேண்டும் என்பது வில்லியின் கொள்கை.

இவன் முற்றிலும் கற்பனையில் உதித்தவனல்லன். வாரன் லூயிசியானா சர்வகலாசாலையில் ஆசிரியராய் இருந்தவர். அம்மாநிலத்தை அக்காலத்தில் ஆட்டிவைத்தவர் ஹியூயி லாங். இவ்விருவரும் ஒருவரே என்பதை வாரன் மறுத்தாராயினும், லாங்கின் நிழல் நாவலில் படிந்திருத்தல் வெளிப்படை. 1928-இல் லாங் கவர்னரானபோது அம்மாநிலத்தில் சுமார் 300 மைல் அளவே இருந்த தளமிட்ட சாலை, சில ஆண்டுகளில் 2,000 மைலுக்கு மேற்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல்கள் கிடைத்தன. முதியோர் இரவுப் பள்ளிகளில் எழுத்தறிந்தனர். அவருக்கு முன் ஆண்ட கண்ணியவான்கள் இவற்றைச் செய்திலர். கையை அழுக்காக்கிக் கொள்ளாமைக்காக ஒன்றும் செய்யாதிருப்பதும் ஒரு குற்றமே. லாங்கைப் பழிப்போர் முதலில் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

எனினும், கணக்கின் மறுபக்கத்தையும் காண்போம். அரசாங்க ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு லாங்கின் அரசியல் நிதிக்கெனப் பிடிக்கப்பட்டது. 1929-இல் சட்டமன்றத்தின் கீழ்ச்சபை அவர்மீது குற்றஞ் சாட்டியபோது, மேற்சபையினர் 15 பேர், எவ்விதச் சாட்சியம் வரினும் தண்டிக்க வாக்களியோம் என்று முன்னதாகவே கையெழுத்திட்டனர், அவர் தப்பினார்.

கல்லூரி மலரில் எழுதும் நம்மை மிகவும் உறுத்துவது பிறிதொரு நிகழ்ச்சி. 1934-இல், லாங் தேசிய செனட் சபை உறுப்பினராயிருந்தும் மாநிலத்தைத் தம் பிடிக்குள் வைத்திருந்த காலத்தில், லூயிசியானா சர்வகலாசாலை மாணவர் பத்திரிகையில் அவரைக் குறைகூறும் கடிதமொன்று அச்சாக இருந்தது. அதனை அவர் தடுத்தார். மாணவர் எதிர்த்தனர், முடிவில் எழுவர் கலாசாலையினின்று நீக்கப்பட்டனர். அக்கலாசாலைக்குக் கட்டிடங்களும் பொருளும் வாரி வழங்கியவரும் அவரே. கொடுத்த கை வாயையும் பொத்தியது. நன்மை பெற்றவன் நன்றிக்கடனாகத் தன் நாவை ஈடு வைப்பானாயின், அது நன்மையன்று; விலை.

லாங் 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் சட்டமன்றக் கட்டிடத்திலேயே சுடப்பட்டு, இரண்டு நாட்களில் இறந்தார். சாலைகள் நின்றன. ஆனால் ஆட்சியோ அவர் கூட்டத்தார் கையில் வீழ்ந்தது. 1936-இல் கவர்னரான ரிச்சர்டு லெஷ், 1939-இல் ஊழல் வெளிப்பட்டுப் பதவி துறந்து, பின்னர்ச் சிறை சென்றார். மாணவரை நீக்கிய சர்வகலாசாலைத் தலைவரும் பண மோசடிக்காகச் சிறை புகுந்தார். நாவலிலும் இதுவே முடிவு. வில்லி சுடப்பட்டு மாண்டபின் அவன் நாற்காலியில் அமர்பவன், அவனால் இகழப்பட்டு அவனாலேயே வளர்க்கப்பட்ட டைனி டஃபி. இது தற்செயலன்று. நேர்மையாளன் விலகவும் அஞ்சுபவன் தங்கவும் ஒருவன் ஆட்சி நடத்தினால், அவனுக்குப்பின் எஞ்சுவோர் வேறு யாராக இருத்தல் கூடும்?

வில்லியின் கொள்கைக்கு வில்லியே தந்த மறுப்பும் நாவலில் உளது. ஏழைகளுக்கென மாபெரும் மருத்துவமனை ஒன்றைக் கட்ட அவன் விரும்பினான். அதில் மட்டும் களவுக் காசு ஒன்றும் கலத்தல் ஆகாது என்று பிடிவாதம் செய்தான். தீமையே மூலப்பொருள் என்றவன், தன் உள்ளத்துக்கு இனியதொன்றைத் தூய பொருளால் செய்ய விழைந்ததேன்? மட்டமான செங்கல்லால் மாண்ட குழந்தைகளை அவன் நெஞ்சம் மறவாமையே காரணம் என நாம் கருதுகிறோம். ஆயினும் அவனைச் சூழ்ந்திருந்தோர் அக்குத்தகையையும் விட்டுவைக்கவில்லை. தூய செங்கல் வேண்டிய நாளில் அதனைத் தருவார் ஒருவரும் அவன் அருகில் இல்லை.

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் நாளை ஆட்சிப் பொறுப்பேற்பீர்கள், அனைவரும் வாக்களிப்பீர்கள். "என்ன செய்தார்?" என்று கேளுங்கள், அது நேரிய கேள்வியே. "எவ்வாறு செய்தார்?" என்பதையும் உடன் கேளுங்கள். "அவரால் நன்மை பெற்றபின் அவரைக் குறைகூறும் உரிமை நமக்கு எஞ்சியிருக்கிறதா?" என்பதையும் மறவாது கேளுங்கள். மூன்றாவது வினாவிற்கு 'இல்லை' என்று விடை வருமாயின், போட்ட சாலை எத்துணை நீளமாயினும் அது நம்மை நல்லிடம் சேர்க்காது என்பதே எமது துணிபு.