வீடியோவைக் கையில் வாங்கி வையுங்கள்

பலெர்மோவில் வாழும் எங்கள் ஆட்களுக்கு யூடியூப் வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இங்குள்ள வீடுகளில் சமைத்தும் துடைத்தும் முதியவர்களைப் பராமரித்தும் பிழைக்கிற யாழ்ப்பாணத்துப் பெண்களில் நானும் ஒருத்தி. ஊரில் தாய் கண்ணை மூடினால் அன்றைக்கே விமானம் ஏற எங்களில் எத்தனை பேருக்கு லீவு கிடைக்கும்? செத்தவீட்டை நேரலையில் பார்த்துத்தான் அழுகிறோம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அப்படித்தான். அங்கே தேர் வீதிக்கு வரும்போது இங்கே விடிந்திருக்காது; ஆனாலும் வீட்டில் ஒருவரும் படுத்திருக்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் இத்தாலி முழுவதும் அடைபட்டபோது, ஞாயிறுகளில் நாங்கள் ஏறுகிற பெல்லெக்ரினோ மலைக்கும் அங்கே கோயில்கொண்ட புனித ரொசாலியா அம்மாவிடமும் போக வழியில்லை. இணையம் தாங்காது என்று ஐரோப்பிய ஒன்றியம் கேட்டுக்கொண்டதால் யூடியூப் படத்தின் தரத்தைக் குறைத்தது அந்த மாதத்தில்தான். மங்கலான அந்தப் படமே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

யூடியூபைத் தொடங்கியவர்கள் சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவித் கரீம் என்ற மூன்று இளைஞர்கள். சென் தைவானில் பிறந்தவர். கரீமின் தகப்பன் வங்காளதேசத்தவர். 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய முதல் வீடியோவில், சான் டியாகோ மிருகக்காட்சிச்சாலையின் யானைகளுக்கு முன்னால் நின்று கரீம் பேசுகிறார். மொத்தம் 19 விநாடி. அடுத்த ஆண்டே கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. அன்றிலிருந்து அது ஒரு பெரிய கம்பனியின் சொத்து. எது இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிப்பதும் கம்பனிதான். 2017இல் வன்முறைக் காட்சிகளைக் களைய இயந்திரத்தை ஏவியபோது, சிரியப் போரின் சாட்சியமாக இருந்த வீடியோக்களும் ஆயிரக்கணக்கில் அடிபட்டுப் போயின. முள்ளிவாய்க்காலைக் கண்ட எங்களுக்கு அந்தச் செய்தி வேறு யாருடையதோ அல்ல.

கம்பனி கை வைக்காவிட்டாலும் வீடியோ போகும். என் பெரியம்மாவின் செத்தவீட்டை எடுத்த ஸ்டூடியோக்காரர் தொழிலை விட்டுவிட்டுத் தன் சேனலையும் மூடிவிட்டார். காசு கொடுத்தது நாங்கள். திறப்பு இருந்தது அவரிடம். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கை மட்டும் பத்திரமாக வைத்திருந்தோம்.

பழைய கசற் காலமே நல்லது என்று சொல்ல வரவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டிக்குள் வந்த கலியாணக் கசற்றுகள் இங்கே அலமாரிகளில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைப் போடுகிற டெக்குகளைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

அப்படியென்றால் எங்கே சேர்த்து வைப்பது? யூடியூப் பிறந்த அதே 2005இல்தான் நூலகம் என்ற எண்ணிம நூலகமும் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததை மறக்காதவர்கள், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக இணையத்தில் ஏற்றினார்கள். இப்போது படங்களும் ஒலிப்பதிவுகளும்கூட அங்கே சேர்கின்றன. எங்கள் கோயில் திருவிழாக்களும் கூத்துகளும் ஊர்க் கதைகளும் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். செத்தவீட்டை ஊர் முழுக்கப் பார்க்க வைக்க வேண்டாம். அது குடும்பத்தோடு இருக்கட்டும்.

ஸ்டூடியோக்காரருக்குக் காசு கொடுக்கும்போதே மூலக் கோப்பைக் கேளுங்கள். ஒரு பிரதி இங்கே, இன்னொன்று ஊரில் சகோதரத்தின் வீட்டில் இருக்கட்டும். எந்த ஊர், எந்தத் தேதி, யார் யார் என்று எழுதி வையுங்கள். இந்த வேலைக்குப் பிள்ளைகளை அம்மம்மாக்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பலெர்மோவில் பிறந்த பிள்ளைக்குக் கம்பியூட்டர் தெரியும். பந்தலுக்குள் மூன்றாவது வரிசையில் இருக்கிறவர் யாரென்று அம்மம்மாவுக்குத்தான் தெரியும்.