ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோன பேனா



போன வாரம் ஒரு பேனா வாங்கப் போய்த் தோற்றுவிட்டேன். போய் என்றால் எங்கும் போகவில்லை, கூடத்து நாற்காலியை விட்டே எழுந்திருக்கவில்லை. ஆனாலும் தோல்வி தோல்விதான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். வகுப்பில் என்னிடம் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா?

எனக்கு மைப் பேனா மேல் உள்ள பைத்தியம் உங்களுக்குத் தெரியும். நிப்பு அடைத்துக்கொண்டால் என் மேஜைக்குத்தான் கொண்டுவருவீர்கள். அரை பிளேடை நிப்பின் கீறலில் விட்டு எடுத்து, ரஃப் நோட்டில் நாலு சுழி போட்டுப் பார்த்துத் திருப்பித் தருவேன். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பைத்தியம் குறையவில்லை, முற்றித்தான் போனது. பென்ஷனில் மிச்சம் பிடித்து வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நல்ல பேனா வாங்குகிறேன்.

அப்படித்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிப் பேனாவைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். கரும்பச்சை உடல், செம்பு வளையம். உலகம் முழுவதற்கும் சேர்த்து 500 பேனாதான், அதற்கு மேல் செய்ய மாட்டோம் என்று அறிவித்தார்கள். விலை ரூ.14,500. நம் நேரப்படி இரவு 9 மணிக்கு விற்பனை. இரண்டு மாதம் சேர்த்து வைத்த பணம் தயாராக இருந்தது. அன்று 7 மணிக்கே சாப்பிட்டு முடித்தேன். பேத்தி லேப்டாப், நான் கைபேசி. சிவகாசியில் ராக்கெட்டுக்குத் திரி கொளுத்தப் போகிறவர்கள் மாதிரி இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

மணி 9. "தாத்தா, கூடையில போட்டாச்சு!" என்றாள். கார்டு எண்ணைத் தட்டினேன். விலாசம் தட்டினேன். பின்கோடு ஒரு தடவை தப்பானது, திருத்தினேன். பாங்கிலிருந்து ஓடிபி வர வேண்டும். அது வருவதற்குள் திரையில் கூடை காலியாகிவிட்டது. "தீர்ந்துவிட்டது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஒரு வரி. அப்புறம்தான் டிங் என்று ஓடிபி வந்தது. மணி 9.01.

என் வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "வீட்டுல இருக்கற பேனாவுல எழுதவே ஆளைக் காணோம். இதுல இன்னொண்ணு கிடைக்கலைன்னு துக்கமா?" நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மறுநாள் காலை அதே பேனா, பேனாப் பிரியர்கள் குழு ஒன்றில் விற்பனைக்கு வந்திருந்தது. பெட்டி பிரிக்காதது, விலை ரூ.38,000. இரவு 14,500. விடிந்தால் 38,000. நடுவில் அந்தப் பேனாவுக்கு யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. ஒரு சொட்டு மை கூட ஊற்றவில்லை.

பேனா கிடைக்காதது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. ரேஷனில் அரிசி கிடைக்காததுதான் கஷ்டம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் கிடைக்காமல் போன விதம் என்னை உறுத்துகிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

ஒரு பொருள் குறைவாக இருப்பதில் தப்பே இல்லை. திருவள்ளூரில் ஒரு கடைசல் பட்டறைக்கு நான் போயிருக்கிறேன். எபோனைட் என்று ஒரு பொருள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திக் கட்டை மாதிரி இறுக்கியது. அந்தத் தண்டை லேத்தில் மாட்டி, உளி பிடித்துக் கடைந்து, மரை போட்டு, மூடியும் உடலும் ஒட்டிப் பிறந்த மாதிரி பொருந்தும்வரை தேய்க்கிறார்கள். கையால் செய்கிற வேலை. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை செய்துவிட முடியும்? அங்கே ஒரு பேனா சொல்லிவிட்டு வந்தேன். நோட்டில் பெயர் எழுதிக்கொண்டார்கள். நாலு மாதம் காத்திருந்தேன். ஒரு நாள் கூடக் கோபம் வரவில்லை. ஏனென்றால் எனக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள், என் முறை வந்தது, பேனா வந்தது. அதுதான் வரிசை.

ஆந்திராவில் ராஜமுந்திரி கே.வி. ரத்னம் கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சுதேசிப் பொருளாக உபயோகமான ஒன்றைச் செய்யுங்கள் என்று காந்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேனா செய்தவர். காந்தி அந்தப் பேனாவால் எழுதிப் பார்த்து, 1935-ல் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். எழுதிப் பார்த்துவிட்டு எழுதினார் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பேனாவுக்கு அதுதான் பரீட்சை.

இதற்கு நேர் எதிர்க் கதை ஒன்றும் உண்டு. 2009-ல் மான்ட் பிளாங்க் கம்பெனி காந்தி பெயரிலேயே ஒரு பேனா வெளியிட்டது. மொத்தம் 241. தண்டி யாத்திரையின் தூரம் 241 மைல், அந்தக் கணக்கு. தங்க நிப்பில் காந்தி உருவம். ஒரு பேனாவின் விலை ரூ.11 லட்சத்துக்கு மேல்! உப்புக்கு வரி கூடாது என்று நடந்த கிழவரின் பெயரில். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது, கம்பெனி விற்பனையை நிறுத்திக்கொண்டது. காந்தி எழுதிப் பார்த்த பேனா ராஜமுந்திரியில் பிறந்தது. காந்தி பெயர் பொறித்த பேனா கண்ணாடிப் பெட்டிக்காகப் பிறந்தது.

அதே கம்பெனி 1992-ல் ஹெமிங்வே பெயரில் ஒரு பேனா போட்டது. அதுவும் லிமிடெட் எடிஷன்தான். எத்தனை தெரியுமா? 20,000. இன்னொரு வரிசையில் 4,810 செய்வார்கள். மான்ட் பிளாங்க் மலையின் உயரம் சுமார் 4,810 மீட்டர், அதனால். மலை உயரத்துக்கும் பேனா எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இங்கே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கைவினைஞரின் கை இல்லை. இவ்வளவுதான் என்று எழுதிவிட்டால் நமக்கு ஆசை வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உண்மையான அபூர்வம் எப்படி வருகிறது என்று பாருங்கள். 1948-ல் காந்தி உருவத்தோடு 10 ரூபாய்த் தபால்தலை வந்தது. கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக, 'சர்வீஸ்' என்று மேலே அச்சடித்து 100 மட்டும் எடுத்தார்கள். அப்போது கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி. அவற்றில் நாலு ஒட்டிய ஒரு துண்டு 2017-ல் 5 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்த ஆபீஸ் தபால்தலையை இரவு 9 மணிக்கு விளம்பரம் கொடுத்து யாரும் விற்கவில்லை. காலம் அதை அபூர்வமாக்கியது. நாம் தவறவிடும் பேனாவோ, பிறக்கும்போதே அபூர்வம் என்று ஜாதகம் எழுதிக்கொண்டு பிறக்கிறது.

இனி நடந்த முக்கியமான விஷயம். 38,000 என்று போட்டிருந்த அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். வாங்க இல்லை, திட்ட. "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். பிறகு, "சார்? நம்ம சார்தானே? நான்தான் சார், பத்தாம் வகுப்பு பி செக்ஷன், ரெண்டாவது பெஞ்ச்!"

என் மாணவன். இதையும் படித்துக்கொண்டுதான் இருப்பான். கேட்டுவிட்டே எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதீங்க சார், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றான்.

கார்டு எண், விலாசம் எல்லாவற்றையும் கண் இமைப்பதற்குள் தானாகவே நிரப்பும் புரோகிராம் வைத்திருக்கிறானாம். மச்சான், தங்கை, சிநேகிதர்கள் பெயரில் ஆறு பேனா பிடித்திருக்கிறான். நான் பின்கோடைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவனுடைய ஆறும் முடிந்துவிட்டது.

"என்னடா இது, தியேட்டர் வாசல்ல பிளாக் டிக்கெட் விக்கற மாதிரி இருக்கு?" என்றேன்.

"திருடல சார். என் காசு போட்டுத்தான் வாங்கறேன். விக்காம தங்கிப்போனா நஷ்டம் எனக்குத்தான். கம்பெனி 500தான் செய்யறான், ஆசைப்படறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. யாருக்காவது கிடைக்காமத்தானே சார் போகும்? ரொம்ப ஆசை இருக்கறவன் கூடக் காசு குடுத்து வாங்கிக்கறான்."

"கூடக் காசு இருக்கறவன்னு சொல்லுடா. ஆசையும் காசும் ஒண்ணு இல்ல" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "கொரோனாவுல கடைய மூடினேன் சார். இப்ப பிள்ளைங்க ஃபீஸ் இதுலதான் ஓடுது."

நான் தயார் செய்து வைத்திருந்த திட்டெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. கடைசியில், "உங்களுக்குன்னா வாங்கின விலைக்கே தர்றேன் சார், நானே வந்து குடுக்கறேன்" என்றான். வேண்டாம் என்றேன். கோபத்தில் இல்லை. வாத்தியார் என்பதால் எனக்கு மட்டும் பின்வாசல் வழி கிடைத்தால், வரிசையைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

இரண்டு நாள் யோசித்தேன். அவன் செய்வது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன். டேய், ஆறு பேர் இடத்தில் நீ ஒருவன் நின்றாய், அது தப்பு. ஆனால் பெரிய தப்பு அவனுடையது இல்லை. ஒரே நிமிடத்தில் எல்லாரும் பாயுங்கள் என்று கதவைத் திறந்துவைத்த கம்பெனியுடையது. மறுநாள் அவர்கள் என்ன போட்டார்கள் தெரியுமா? "60 நொடியில் 500-ம் தீர்ந்தது!" என்று பெருமையாக ஒரு படம். நாங்கள் ஏமாந்தது அவர்களுக்கு விளம்பரம். மறுவிற்பனை விலை ஏற ஏற அடுத்த பேனாவுக்குக் கூட்டம் கூடும். கதவடியில் நசுங்கியவர்களை எண்ணிக்காட்டி, பார்த்தீர்களா எங்கள் கடைக்கு எவ்வளவு கூட்டம் என்று சொல்லும் வியாபாரம் இது.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. நம் ரயில்வேயைப் பாருங்கள். தட்கல் டிக்கெட்டில் இதே அக்கிரமம் நடந்தது. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும், முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகள் தொட முடியாது என்று விதி கொண்டுவந்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. கோடிக்கணக்கான ஜனங்களை ஏற்றிச் செல்கிற ரயில்வேயே ஒரு விதி போட்டுப் பார்க்கும்போது, 500 பேனா விற்கிறவர்களால் முடியாதா?

என் யோசனை மூன்றுதான். ஒன்று, ஒரு வாரம் பெயர் பதிவு செய்யச் சொல்லுங்கள், பதிந்தவர் அத்தனை பேருக்கும் செய்து கொடுங்கள், அதற்குமேல் செய்யாதீர்கள். அதுவும் லிமிடெட்தான், யாரையும் நசுக்காத லிமிடெட். இரண்டு, 500-க்கு மேல் முடியவே முடியாது என்றால் குலுக்கல் போடுங்கள். விரல் வேகம் இல்லாத கிழவனுக்கும் குலுக்கலில் சம வாய்ப்பு உண்டு. மூன்று, ஒருவருக்கு ஒன்று, வாங்குகிறவர் பெயரைப் பேனாவில் பொறித்துக் கொடுங்கள். என் பெயர் பொறித்த பேனாவை எவன் 38,000 கொடுத்து வாங்குவான்?

இனி வீட்டுக்காரம்மா கேட்ட கேள்வி.

என் பீரோவில் 2019-ல் வாங்கிய பேனா ஒன்று இருக்கிறது. அதுவும் எண் போட்டது, 400-ல் 212. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் கூட அதில் மை ஊற்றியதில்லை. ஏன்? மை பட்டால் மதிப்புக் குறையும் என்று யாரோ சொன்னார்கள், நானும் பயந்துவிட்டேன். விற்கப்போகிறேனா என்றால் அதுவும் இல்லை. எழுதவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன், அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பேன். அந்த 400 பேரில் எத்தனை பேர் இப்படிப் பூட்டி வைத்திருக்கிறோமோ! எழுதுவதற்கு ஒரு பேனா வேண்டும் என்று அன்று எவனோ ஒருவன் ஏமாந்திருப்பான். அவன் இடத்தில் நின்றவன் நான். என் மாணவனாவது பிள்ளைகள் ஃபீஸுக்காகச் செய்கிறான். நான் எதற்காகச் செய்தேன்?

வீட்டுப்பாட நோட்டில் எத்தனை தடவை உங்களுக்குச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன், "எழுதிப் பழகவும்" என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பேனாவை எடுத்து, நீல மை நிரப்பி, இந்தப் பதிவை முதலில் காகிதத்தில் எழுதினேன். பேத்திதான் தட்டச்சு செய்து தருகிறாள். உண்மையைச் சொன்னால் நிப்பு கொஞ்சம் கீறுகிறது. என் பழைய திருவள்ளூர்ப் பேனா இதைவிட வழுவழுப்பாக ஓடும். இத்தனை வருஷம் பூட்டி வைத்து இதைக் கூடத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்!

உங்கள் வீட்டிலும் ஏதாவது இப்படிப் பெட்டிக்குள் தூங்கும். பேனாவோ, வெள்ளித் தம்ளரோ, நல்ல நாளுக்கென்று மடித்து வைத்த பட்டோ. எடுத்துப் பயன்படுத்துங்கள். பேனாவாக இருந்தால் எனக்கு நாலு வரி கடிதம் போடுங்கள். விலாசம் மாறவில்லை. பதில் நிச்சயம் வரும், 212-ம் எண் பேனாவில்.

ரெண்டாவது பெஞ்ச், நீயும் எழுது. மறுபடியும் கடை திறக்கிற யோசனை இருக்கிறதா என்று மறக்காமல் சொல்.

அன்புடன்,
உங்கள் சார்